இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

மான் வேட்டை மாதம் நெருங்கிவிட்டால், துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் வெர்னா ஹாபலாவின் பட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, இரும்புச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஹெம்லாக் ஃபால்ஸ் என்ற சிற்றூர் அது. வெர்னா கல்யாணத்துக்கு முன்பு இரும்புக்கடையில் துப்பாக்கி விற்கும் மேசையில் நின்றவள். விற்றதெல்லாம் பழுதாகித் திரும்பி வந்தபோது அவிழ்த்துப் பார்க்கத் தொடங்கி, பின்னால் அதுவே தொழிலாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையை ஒட்டி ஒரு தகர அடுப்பு, இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஜன்னலோரம் ஒரு நீள மேசை. அவ்வளவுதான் பட்டறை.

"எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வெர்னாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே விலை, ஆனால் ஒன்று முப்பது வருஷம் உழைக்கும், பக்கத்தில் இருந்தது மூன்றாவது வருஷமே தோட்டாவைத் துப்ப மறுக்கும். கம்பெனியின் பெயர் குழலின் மேல்தான் பொறித்திருக்கிறது, உள்ளே இருப்பது அன்றைக்கு அந்த மேசையில் நின்றவனின் கை என்பது அவள் கட்சி. அரம் தேய்ந்திருந்ததா, அவனுக்குத் தூக்கம் போதவில்லையா, மாத முடிவில் எண்ணிக்கையைக் காட்ட அவசரப்பட்டார்களா, எல்லாவற்றையும் எஃகு வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் அவள் கம்பெனி சொல்ல மாட்டாள். கடையில் இருப்பதையெல்லாம் எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள், நான் வந்து பொறுக்கித் தருகிறேன் என்பாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக விசையை இழுத்துப் பார்ப்பாள். அவள் பொறுக்கியது சோடை போனதில்லை என்று ஊரில் பேச்சு.

தன் புருஷன் ரெய்னோவுக்கும் அவள்தான் பொறுக்கிக் கொடுத்தாள். சுரங்கத்தில் அவனை மேஸ்திரியாக்கிய வருஷம். கடையில் தோர்ன்பரி கம்பெனியின் ரைஃபிள்கள் ஐந்து இருந்தன. நான்கு சாதாரணம். ஐந்தாவதன் விசை, காய்ந்த சுள்ளி ஒடிவதைப் போல, இழுக்கிறோம் என்று நினைக்கும் முன்பே சத்தமின்றி விட்டுக்கொடுத்தது. இதைச் செய்தவன் யாரோ கைக்காரன் என்று வெர்னா அன்றைக்கே சொன்னாள். அதைத்தான் வாங்கினார்கள்.

ஆறு வருஷம் கழித்து, வேட்டை தொடங்கிய முதல் நாள் காலை, காட்டுக்குள் இருக்கும் வேட்டைக் குடிலின் வாசலில், லாரியின் பக்கத்தில் ரெய்னோ செத்துக் கிடந்தான். தாடைக்குக் கீழே குண்டு. துப்பாக்கி அவன் மேலேயே சாய்ந்திருந்தது. ஷெரிஃப் வந்து அதைத் தரையில் தட்டிப் பார்த்தார், விசையை இழுத்துப் பார்த்தார். பழுது எதுவும் தெரியவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டார். ஊர் அப்படி நினைக்கவில்லை, அவனே சுட்டுக்கொண்டான் என்றது. அந்த இலையுதிர்காலத்தில்தான் சுரங்கத்தை மூடியிருந்தார்கள். ரெய்னோ யாரோடும் பேசாமல் திரிந்தான். வெர்னா மில்வாக்கி நகரத்துக்குப் போய் வேலை தேடப் போவதாகச் சொல்லி, இருவருக்கும் வாக்குவாதம் முற்றியதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவனுடைய அண்ணன் ஆர்விட், அடக்கத்தின்போது வெர்னா நீட்டிய கையைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஆர்விட் அவளோடு பேசியதே கிடையாது. ஆனால் பனி கொட்டிய மறுநாள் தவறாமல் தன் டிராக்டரில் வந்து அவள் முற்றத்துப் பனியைத் தள்ளிவிட்டுப் போவான். தம்பி வீடு என்ற கடமை. வண்டியை விட்டு இறங்க மாட்டான். ஜன்னலில் நிற்கும் அவளைப் பார்க்கவும் மாட்டான். ஷெரிஃப் போர்வையில் சுற்றித் திருப்பிக் கொடுத்த துப்பாக்கியை வெர்னா அவிழ்த்துப் பார்க்காமலேயே விறகுக் கொட்டகையின் உத்தரத்துக்கு மேல் செருகிவைத்தாள். ஊரிலுள்ள துப்பாக்கியெல்லாம் அவள் கையில் அவிழ்ந்தது. அது மட்டும் அங்கேயே கிடந்தது.

பல வருஷங்கள் இப்படிப் போயின. ஒரு டிசம்பரில் மரம் வெட்டும் லியோ போட்ரி தன் தோர்ன்பரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூடவே அவன் லாரியின் ரேடியேட்டரில் ஒரு ஓட்டை.

"சேஃப்டியத்தான் தள்ளினேன். விசை பக்கம் விரலே போகல. வெடிச்சிருச்சு," என்றான்.

"அதுக்கு முன்னாடி எத்தன பீர்?"

"காலைல ஏழு மணிக்கு எவன் குடிப்பான், வெர்னா?"

"நீ குடிப்ப லியோ. உன் அப்பாவும் குடிப்பார்."

லியோ சிரிக்கவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் தன் மகன் நின்றிருந்தான் என்று மட்டும் சொன்னான். வெர்னா சிரிப்பை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டாள். வாரம் முழுக்க, விசையைப் பூட்டிவைக்கும் அந்த சேஃப்டியைத் தள்ளினாள், இழுத்தாள், ரப்பர் சுத்தியால் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. விசை மட்டும் அபாரமாக இருந்தது. காய்ந்த சுள்ளி. அந்த உணர்வு எங்கேயோ பழகியதாக இருந்தும் அவள் அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க இருந்தாள்.

அதற்குள் பள்ளிக்கூட ஆசிரியை கரோல் மாக்கி வந்தாள். தேவாலயத்தில் பியானோ வாசிக்கிறவள், காபியைத் தவிர எதையும் தொடாதவள். அவள் கொண்டுவந்ததும் தோர்ன்பரிதான். மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா நம்ப மாட்டீங்க," என்றாள்.

"சொல்லுங்க."

"வேட்டைக்குக் கிளம்பறப்ப கதவு மூலைல சாத்தி வச்சிருந்தேன். குண்டு போட்டு, சேஃப்டிய எடுத்துட்டு அப்படியே மறந்து வச்சது என் தப்புதான். நான் அடுப்புக்கிட்ட நிக்கறேன், கைல கோப்பை. வீட்டுல வேற ஆள் இல்ல. அது தானா வெடிச்சது, வெர்னா. கூரைல ஓட்டை. நான் திரும்பிப் பாக்கறப்ப அது அசையாம அங்கயேதான் நின்னுட்டிருந்துச்சு."

கடைசி வாக்கியத்தை அவள் மெதுவாகச் சொன்னாள். வெடித்ததைவிட அது அசையாமல் நின்றதுதான் அவளை உலுக்கியிருந்தது.

வெர்னா அன்றைக்கு இரண்டு துப்பாக்கிகளின் விசைப் பெட்டிகளையும் முழுசாகப் பிரித்தாள். உள்ளே, தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடித்து நிறுத்துவது சுண்டுவிரல் நகத்தளவு ஒரு எஃகுக் கொக்கி. விசையை இழுத்தால் அது நழுவும், ஊசி பாயும். அந்தக் கொக்கியின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தாள். மெருகு போட்ட கோடுகள் தெரிந்தன. எல்லாமே இடப்பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். பிறகு, எழுதி முடித்தவன் கையெழுத்தின் கீழே இழுப்பதைப் போல, மிக மெல்லிய கடைசிக் கோடு ஒன்று. லியோவின் கொக்கியில் அப்படி. கரோலின் கொக்கியிலும் அப்படியே. கரோலுடையது பின்னால் வந்த துப்பாக்கி. அதில் கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன.

இடக்கைக்காரன் என்று நினைத்தாள். வயசாகிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கை விளிம்பை அளவுக்கு மீறி மழித்திருந்தது. அதனால்தான் விசை அவ்வளவு இதம். பட்டறையின் சூட்டில் கொக்கி பிடித்து நிற்கும். வெளியே குளிரில் எண்ணெய் கெட்டியாகி, கொக்கி முழுசாக ஏறாமல் ஒரு முடியளவில் தொங்கும். அப்புறம் அது எப்போது நழுவும் என்பது யாருக்கும் தெரியாது. வேறொருவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இன்னொரு தோர்ன்பரியையும் பிரித்தாள். கரோலுடையது வந்த அதே வருஷத்துச் சரக்கு. கொக்கி கனமாக, கோடுகள் நேராக, உயிரில்லாமல் இருந்தன. அதில் அந்தக் கை இல்லை.

கண்ணாடியிலிருந்து நிமிர்ந்தபோது பட்டறையில் தன்னைத் தவிர இன்னொருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்ததைப் போல அவளுக்குத் தோன்றியது. ஜன்னலில் மதிய வெயில். பனி கண்ணைக் கூசவைத்தது. எழுந்து போய் அடுப்பில் விறகு போட்டாள். முதுகைக் கதவுப் பக்கம் வைத்துக்கொள்ளப் பிடிக்காமல், பக்கவாட்டில் நின்றே போட்டாள்.

மறுநாள் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றி, கடைசியில் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் வந்தார். மரியாதையாகப் பேசினார். அவள் விவரம் சொல்லி, கொக்கிக்கு மெருகு போடும் மேசையில் இடக்கைக்காரர் யார் இருக்கிறார் என்று கேட்டாள்.

"அந்த மேசைல யாரும் இல்லங்க," என்றார் அவர்.

"இப்ப இல்லன்னா, முன்னாடி இருந்தவர்."

"முன்னாடியும் இல்ல. அந்தத் துண்ட நாங்க மெஷின்லதான் மெருகு போடறோம். டிரம்முல கொட்டி உருட்டி எடுக்கறது. ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். மனுஷக் கை படவே படாது."

"இதுல கைக்கோடு இருக்கு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், துண்டுகளை அனுப்பிவையுங்கள், பார்க்கிறோம், வாடிக்கையாளர் யாரிடமிருந்தும் இப்படி ஒரு புகார் வந்ததில்லை என்று, படித்து ஒப்பிப்பதைப் போலச் சொன்னார்.

வெர்னா துண்டுகளை அனுப்பவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போனாள். ஏணி போட்டு ஏறி, உத்தரத்திலிருந்து போர்வை மூட்டையை இறக்கினாள். பட்டறை மேசையில் வைத்துப் பிரிக்கும்போது திருப்புளி இரண்டு முறை வழுக்கியது. கொக்கியை எடுத்துக் கண்ணாடியின் கீழே வைத்தாள்.

சாய்ந்த கோடுகள். நடுவில் நிறுத்தம். கடைசியில் அந்த மெல்லிய இழுப்பு. இதில் கொஞ்சமும் நடுக்கமில்லை. மூன்றிலும் இதுதான் அழகாகச் செய்யப்பட்டிருந்தது.

கண்ணை மூடி ஐந்தில் ஒன்றைத் தான் எடுத்துக் கொடுத்த அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. நல்லதைப் பொறுக்கவில்லை, அந்தக் கையைப் பொறுக்கியிருக்கிறோம் என்று புரிந்தது. அது நீட்டியதை இவள் வாங்கி ரெய்னோவிடம் கொடுத்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

கோடுகளைக் கண்டது போதாது, கொக்கி தானாக நழுவும் என்பது தெரிய வேண்டும். துப்பாக்கியைப் பழையபடி பூட்டி, பட்டறை வைஸில் இறுக்கி, மணல் நிரப்பிய பீப்பாய்க்குக் குழலைத் திருப்பிவைத்தாள். குண்டும் மருந்தும் நீக்கிய வெறும் தோட்டாக் கூடு, அடியில் வெடிப்பொட்டு மட்டும்; அதை உள்ளே போட்டாள். அடுப்பை அணைத்தாள், கதவைத் திறந்துவிட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சேஃப்டியைத் தள்ளுவதும் காத்திருப்பதும், மறுபடி பூட்டித் தள்ளுவதுமாக நாட்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கி சொன்ன சொல்லைக் கேட்டது. ஒரு துப்பாக்கி கெட்டதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ரெய்னோ தானாகத்தான் போனான் என்றால், அதை ஒப்புக்கொள்ளத் தெரியாத பெண்பிள்ளையின் கிறுக்குத்தனம் இது என்றும் தோன்றியது.

ஒரு இரவு பெரிய பனி கொட்டியது. காலையில் ஆர்விட்டின் டிராக்டர் சத்தம் கேட்டது. வெர்னா வாசலுக்குப் போய், தள்ளுபலகைக்கு நேரே பனியில் இறங்கி நின்றாள். வண்டி நின்றது. கண்ணாடிக்கு உள்ளே ஆர்விட் வேறு பக்கம் பார்த்தான். அவள் நகரவில்லை. கடைசியில் அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். வயசு அவனைக் குறுக்கியிருந்தது. பக்கத்தில் நிற்கும்போதுதான் அது தெரிந்தது.

"என்ன?" என்றான்.

"உள்ள வா. ஒண்ணு காட்டணும்."

வைஸில் இருப்பது எது என்று அவனுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் மூன்று துப்பாக்கிகளின் கதையையும், கொக்கியையும், கோடுகளையும், ஃபோனில் பெரியவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாடியின் கீழே லியோவுடையதையும் கரோலுடையதையும் பார்க்க வைத்தாள். ஆர்விட் வெகுநேரம் குனிந்திருந்தான்.

"இதக் காட்டி என்ன பண்ணப் போற?" என்றான். குரலில் கோபமில்லை, களைப்புதான்.

"தெரியல. காபி குடிக்கறியா?"

ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பையில் ஊற்றினாள். வைஸுக்கு எதிர்ச் சுவரோரம், ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தார்கள். சேஃப்டியை அவள் காலையிலேயே தள்ளிவிட்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே காற்றுகூட இல்லை. கூரையிலிருந்து பனி சரியவில்லை, சாலையில் வண்டி போகவில்லை. இருவரும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆவி மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்விட் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

துப்பாக்கி வெடித்தது.

வெறும் பொட்டுதான், சின்னச் சத்தம்தான். இருந்தாலும் அந்தக் குளிரில் அது பலகை பிளந்ததைப் போலக் கேட்டது. குழலின் வாயிலிருந்து ஒரு நூல் புகை வெளியே வந்து, அவசரமில்லாமல் மேலேறியது. துப்பாக்கி அசையாமல் இருந்தது. ஆர்விட் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவள் கைகளைப் பார்த்தான். நான்கும் கோப்பைகளின் மேல்தான் இருந்தன. அப்புறம் அவன், தேவையே இல்லாமல், வைஸுக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே யாரும் நிற்கக்கூடிய அகலம்கூட இல்லை. வெர்னாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபி ஆறியது.

"கடைல அஞ்சு இருந்துச்சு ஆர்விட்," என்றாள் வெர்னா. "நான்தான் இத எடுத்துக் கொடுத்தேன்."

"தெரியும். ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சான். எம் பொண்டாட்டி பொறுக்கினது, தொட்டுப் பாருங்கடான்னு. எங்கிட்ட மட்டும் நாலு தடவ காட்டினான்." ஆர்விட் கோப்பையைத் தரையில் வைத்தான். "சாகப் போறவனா அவன்? அன்னிக்குக் காலைல எனக்கும் சேத்து முட்டை பொரிச்சு வச்சிருந்தான், வெர்னா. மூடி போட்டு. அத நான் யார்கிட்டயும் சொல்லல. ஏன் சொல்லலன்னு எனக்கே தெரியல."

அவன் எழுந்து போய் மீதிப் பனியைத் தள்ளினான். போகும்போது ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனான்.

துண்டுகள் போய்ச் சேராததால், வசந்தத்தில் கம்பெனியிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். கம்பளிக் கோட்டுப் போட்ட, அதிகம் பேசாத ஆள். மூன்று கொக்கிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வெர்னாவிடம் ஒரு துண்டு எஃகையும் அரத்தையும் கொடுத்து, நான்கு இழுப்பு இழுக்கச் சொன்னார். அவள் வலக்கைக்காரி. கோடுகள் வலப்பக்கம் சாய்ந்தன. அவர் தலையாட்டினார்.

"இது கை வேலைதான் மேடம்," என்றார். "ரொம்பப் பொறுமையான கை. ஆனா எங்ககிட்ட இதச் செய்ய ஆளும் கிடையாது, மேசையும் கிடையாது."

"அப்ப இதச் செஞ்சது யாரு?"

அவர் கொக்கிகளைத் தாளில் மடித்தார். ரெய்னோவுடையதை மட்டும் வெர்னா தர மறுத்தாள். அவர் வற்புறுத்தவில்லை. உண்மையில் அதை விட்டுவிட்டுப் போவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததாக அவளுக்குப் பட்டது. பின்னால் லியோவுக்கும் கரோலுக்கும் புது விசைப் பெட்டிகள் இலவசமாக வந்தன, எந்த விளக்கமும் இல்லாமல். அடுத்த வருஷத்துத் தோர்ன்பரிகளில் விசையின் அமைப்பையே மாற்றியிருந்தார்கள். கரோல் தன்னுடையதைத் திரும்ப வாங்கிப் போக வரவேயில்லை.

ஆர்விட் தேவாலயத்தில், ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில், யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று தான் பார்த்ததைச் சொன்னான். அப்படியென்றால் ரெய்னோவைக் கொன்றது துப்பாக்கிதானா என்று ஒருவர் கேட்டார். அது ஆள் இல்லாமல் வெடித்ததைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றான். வெர்னாவும் அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. அன்றைக்குக் காலையில் அந்த லாரிக்குப் பக்கத்தில் என்ன நடந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, அதுவரை ஒதுங்கியிருந்த பெண்கள் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அவளும் சிலர் வீட்டுக்குப் போனாள்.

அந்த நவம்பரில், வேட்டைக் குடிலுக்கு வந்து சமைத்துத் தருகிறாயா என்று ஆர்விட் கேட்டான். போனாள். ஆண்கள் விடியும்போதே மரங்களுக்குள் போய்விட்டார்கள். அவள் அடுப்பைப் பெரிதாக்கி, இறைச்சி வைத்து மடித்துச் சுடும் ரொட்டிக்கு மாவு பிசைந்துவைத்துவிட்டு, உருளைக்கிழங்கை நறுக்க உட்கார்ந்தாள். வெளிச்சம் வந்ததும் முதல் வெடி தூரத்தில் கேட்டது. பிறகு ஏரிப் பக்கமாக ஒன்று. பிறகு மிக அருகில் ஒன்று, அதற்குப் பின் நீண்ட அமைதி. ஒவ்வொன்றுக்கும் கத்தி தானாக நின்றது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனுஷ விரல் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.